ஹீமோபிலியாக்காரனின் நடைக் கணக்கு

காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வயது 47. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழனிக்குப் புறப்படும்போது நானும் கூட்டத்தோடு குன்றக்குடி வரை நடப்பேன். ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். எனக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ. ரத்தம் உறைய வேண்டிய ஃபேக்டர் 8 என்ற புரதம் என் உடம்பில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. வலது முழங்கால் பாதிதான் மடங்கும். பதினாறு வயதில், இனி இந்தக் கால் உதவாது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

இதே நோயுள்ள பையன்களின் தாய்மார்கள் சிலர் கடைக்கே வந்து கேட்பதுண்டு: நடக்கவிடலாமா, சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா, பள்ளியில் விளையாட்டு நேரத்தில் என்ன செய்வது? அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கீழே வரும் எண்கள் 62 கிலோ எடையுள்ள என் உடம்புக்கானவை. உங்கள் எண்களை உங்கள் ரத்தநோய் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலசீமியா, அரிவாள் செல் நோய், தட்டணுக் குறைவு எல்லாமே ரத்தக் கோளாறுகள்தான் என்றாலும் அவற்றின் விதிகள் வேறு. அரிவாள் செல் உள்ளவருக்கு நீர் வற்றும்படி ஓடினாலே வலி கிளம்பிவிடும். எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. என் தொல்லை மூட்டுக்குள் இருக்கிறது.

வெளியார் நினைப்பதுபோல் பிளேடு கீறினால் நான் கொட்டிக் கொட்டிச் செத்துவிட மாட்டேன். மற்றவர்களைவிட வேகமாக ரத்தம் போவதில்லை. நிற்க நேரமாகும், அவ்வளவுதான். உண்மையான கேடு முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய இடங்களில், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ரத்தம் மூட்டுக்குள் கசிந்தால் அதிலுள்ள இரும்பு மூட்டின் உள்சவ்வில் தங்கிவிடுகிறது. சவ்வு தடித்து வீங்குகிறது. வீங்கிய சவ்வில் புதிதாக முளைக்கும் நுண்குழாய்கள் எளிதில் உடைகின்றன. மறுபடி கசிவு, மறுபடி வீக்கம். ஆறு மாதத்தில் ஒரே மூட்டில் தானாகவே மூன்று முறையோ அதற்கு மேலோ கசிந்தால் மருத்துவர்கள் அதை ‘டார்கெட் ஜாயிண்ட்’ என்கிறார்கள். என் வலது முழங்கால் பத்து வயதிலேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அதற்கு நோய் பாதிக் காரணம், அன்பு பாதிக் காரணம். 1983இல் வேலூர் சி.எம்.சி.யில் நோய் இன்னதென்று தெரிந்தபோது எனக்கு ஐந்து வயது. அம்மாவைப் பெற்ற ஆயாவின் தம்பி ஒருவர் பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போன இடத்தில், பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் இறந்தவர். தாய்வழியாக வரும் நோய் இது என்பதும் அவர் ஏன் இறந்தார் என்பதும் அன்றைக்குத்தான் ஆயாவுக்கு விளங்கியது. ஊர் திரும்பியதும் எனக்குத் திண்ணையே உலகம் என்று விதித்துவிட்டார். படி இறங்கக் கூடாது, பந்து தொடக் கூடாது. அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் உட்காரவைப்பார். ஒன்பது ஆண்டுகள் அப்படி உட்கார்ந்ததில் தொடைகள் இரண்டும் முருங்கைக்காய் போல ஆகிவிட்டன. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசைதான். அது கரைந்ததும் கட்டிலிலிருந்து எழுந்தாலே மூட்டு ஆட்டம் கண்டது. ஆட்டம் கண்டால் கசிந்தது. ஆயாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்குக் கையில் ஃபேக்டர் இல்லை. மதுரைக்குப் போய் கிரையோ (தானமாகப் பெற்ற ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது) ஏற்றிக்கொண்டு வர ஒரு நாள் ஆகும். இன்றைக்கு ஃபேக்டர் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்னும் பிள்ளையைத் திண்ணையிலேயே வைத்திருப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

எந்த நாளில் என்ன பயிற்சி என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. என் தொழிலும் கணக்கு என்பதால் இதில் எனக்குத் தனி ருசி. ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் ஃபேக்டர் 8 ஏற்றினால் ரத்தத்தில் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். நான் திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு 1000 யூனிட் போட்டுக்கொள்கிறேன். என் எடைக்கு அது சுமார் 32 சதவீதம். ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். ஆக, மாலை ஆறு மணிக்கு 16, மறுநாள் காலை 8, மறுநாள் மாலை 4, அதற்கடுத்த காலை 2. திங்களும் புதனும் போட்டதற்கு இதோடு கணக்கு முடிகிறது. அடுத்த ஊசி வந்துவிடும். வெள்ளிக்கிழமை போட்டது திங்கள்வரை ஓட வேண்டும் என்பதால் ஞாயிறு மாலை கையிருப்பு ஒரு சதவீதத்தைத் தொட்டு நிற்கும்.

இதை வைத்தே என் வாரம் அமைகிறது. நீண்ட நடை, சைக்கிள், படி ஏற்றம் எல்லாம் திங்கள், புதன், வெள்ளி காலையில், ஊசி போட்ட அரை மணி நேரத்தில். செவ்வாய், வியாழன், சனியில் வீட்டுக்குள் தசைப் பயிற்சியும் மெதுநடையும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை; கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுக்கை. ஊசியை இரவில் போட்டுவிட்டு மறுநாள் மாலை ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் வந்த அன்று பூட்டிவைத்துவிட்டு, மாதக் கடைசியில் கடைத்தெருவுக்குப் போவது போன்ற வேலை அது. பாதியாகும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். சிறு பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரத்திலேயே பாதியாகிவிடலாம். ஹீமோபிலியா பி என்றால் போடுவது ஃபேக்டர் 9. அது 18 முதல் 24 மணி நேரம் தாங்கும், ஆனால் யூனிட்டுக்கு ஒரு சதவீதம்தான் உயரும். உங்களுக்கு எவ்வளவு என்று ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள், கேளுங்கள்.

ஃபேக்டர் 8இன் வேலையை அதற்குப் பதிலாகச் செய்யும் எமிசிசுமாப் என்ற ஊசி போடுகிறவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. தோலுக்கடியில் வாரம் ஒருமுறையோ, இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறையோ போடுவது. பாதுகாப்பு ஒரே சீராக இருக்கும். ஆனால் அது கசிவைத் தடுக்கிற மருந்து. தொடங்கிவிட்ட கசிவை நிறுத்துகிற மருந்து அல்ல. அடிபட்டால் என்ன போடுவது என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே எழுதி வாங்கி வையுங்கள். இன்ஹிபிட்டர், அதாவது ஏற்றும் ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள், உள்ளவர்கள் என் அட்டவணையைத் தொடவே வேண்டாம்.

இனி வீட்டுப் பயிற்சி. எங்களுடையது பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பம், பங்குள்ள வீடு. இப்போது குடியிருப்பது நாங்கள் மட்டும். வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தி என்ற தாழ்வாரமும் பர்மாத் தேக்குத் தூண்களும் எனக்கு உடற்பயிற்சிக் கூடம். முப்பத்தொரு வயதில் மதுரையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றும் செய்கிறேன். முதல் மூன்று மாதம் அவர் என்னை நடக்கவே விடவில்லை. தொடை வந்த பிறகுதான் சாலை என்றார்.

பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, துண்டைத் தரையோடு அழுத்த வேண்டும். முழங்கால் அசையாது, தொடை மட்டும் இறுகும். ஆறு எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். பத்து முறை. மூச்சை அடக்கக் கூடாது. கசிவு ஆறிவரும் காலத்திலும் முதலில் அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். அடுத்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டியபடி ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது. மூன்றாவது, தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது. கணுக்காலுக்கு இதைப்போல் ஒன்றில்லை. நான்காவது, அதே தூணருகில் ஒற்றைக் காலில் நிற்பது. பலமுறை கசிந்த மூட்டுக்குத் தான் எந்தக் கோணத்தில் இருக்கிறோம் என்ற உணர்வே மங்கிவிடும். ஒற்றைக்கால் நிலை அதைத் திரும்பக் கற்றுக்கொடுக்கிறது. நான் தொடங்கியபோது நான்கு விநாடி. இப்போது முப்பது. கண்ணை மூடிக்கொண்டு நிற்பது அடுத்த வகுப்பு. தூண் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

ஐந்தாவது, உட்கார்ந்து எழுவது. இதற்குத்தான் திண்ணை. எங்கள் திண்ணை உயரம். அதில் உட்கார்ந்தால் முழங்கால் அதிகம் மடங்காது. கையூன்றாமல் ஐந்து முறை எழ முடிந்த பிறகு நாற்காலிக்கு இறங்கினேன். மணைக்கு இறங்கவில்லை, இறங்கவும் மாட்டேன். குந்துவது, சம்மணம், வஜ்ராசனம் மூன்றும் கெட்ட முழங்காலுக்குப் பகை. இது எங்கள் ஊரில் பெரிய சங்கடம். கல்யாண வீட்டில் பந்திப் பாய் விரித்தால் நான் மேசை எங்கே என்று தேடுவேன். ‘இந்த வயதில் கீழே உட்கார முடியாதா?’ என்று எந்த ஆச்சியாவது கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும், இலை எந்த உயரத்தில் இருந்தாலும் கவுனி அரிசி ஒரே ருசிதான்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பழகப் பழகக் கண்ணாடி மாதிரி ஆகும். அதில் ஈரக்காலோடு ஒற்றைக்காலில் நின்றால் அன்றைய பயிற்சி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடியும். வளவில் மழைத் தண்ணீர் விழுந்த அன்று நான் பத்திப் பக்கமே போவதில்லை. ரப்பர் அடி உள்ள காலணியை வீட்டுக்குள்ளும் போடுகிறேன். முகப்பிலும் சாமி வீட்டுப் பக்கமும் மட்டும் கழற்றுவது என்று ஆத்தாவோடு உடன்படிக்கை.

நடையைப் பத்தியில் தொடங்கினேன். ஒரு சுற்று 84 அடி வைப்பு. முதல் வாரம் ஐந்து சுற்று. பிறகு தெரு, பிறகு கண்மாய்க் கரை வரை. கூட்டுவது எப்போதும் ஒன்றைத்தான்: தூரத்தைக் கூட்டினால் அந்த வாரம் வேகத்தைக் கூட்டுவதில்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவதும் இல்லை. அவசரப்பட்டு ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கிய அனுபவமும் உண்டு. அதற்கு விலை பதினெட்டு நாள் கட்டில். செம்மண் பாதை காலுக்கு மெத்தென்று இருந்தாலும் சரளை புரண்டால் கணுக்கால் மடங்கும், ஆகவே தார்ச்சாலையின் ஓரத்தைத் தேர்ந்தேன். சித்திரை வைகாசியில் ஏழரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். செட்டிநாட்டு வெயிலைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சைக்கிள் நல்லது. இருக்கையை உயர்த்தி வைத்தால் மிதி கீழே போகும்போது கால் ஏறக்குறைய நேராகும், மேலே வரும்போது முழங்கால் அதிகம் மடங்காது. தலைக்கவசம் கட்டாயம். சைக்கிளுக்கு எதற்குத் தலைக்கவசம் என்று சிரிப்பார்கள். ஹீமோபிலியாக்காரனுக்குத் தலையில் அடி என்றால் வலி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கே இடமில்லை. உடனே ஃபேக்டர், பிறகு மருத்துவமனை, பிறகு ஸ்கேன், இந்த வரிசையில். எல்லாவற்றையும்விட நல்லது தண்ணீர். ஆனால் எங்கள் ஊருணிகளில் பல குடிதண்ணீருக்கானவை. மற்றவற்றின் படிகளில் பாசி. ஆகவே உறவினர் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில், மார்பளவு தண்ணீரில், முன்னும் பின்னும் நடக்கிறேன். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் ஏந்திக்கொள்ள, தசைக்கு மட்டும் வேலை கிடைக்கிறது.

கூடாதவை: கபடி, குத்துச்சண்டை, கால்பந்து, கயிறு தாண்டுதல், தம் பிடித்துத் தூக்கும் பெரும் எடை. சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்க்கப் போவதுண்டு, மாடு வராத உயரத்தில் இருந்து.

இப்போது இந்தக் கணக்கில் முக்கியமான வரிக்கு வருகிறேன். எப்போது நிறுத்துவது? பழைய மூட்டுத் தேய்மானமும் வலிக்கும், புதிய கசிவும் வலிக்கும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவன் ஒன்று எல்லாவற்றுக்கும் பயந்து படுத்துவிடுவான், அல்லது கசிவின் மேலேயே நடந்துகொண்டிருப்பான். என் தேய்மான வலி காலையில் அதிகம். பத்து நிமிடம் அசைத்தால் இளகிவிடும். ஓய்ந்தால் அடங்கும். கசிவு அப்படி அல்ல. முதலில் மூட்டுக்குள் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. வீக்கம் இல்லை, நிறமாற்றம் இல்லை. பிறகு ஒரு வெதுவெதுப்பு, உள்ளே யாரோ காற்றடிப்பதுபோல் இறுக்கம். உட்கார்ந்தாலும் ஏறிக்கொண்டே போகும். நேற்று மடங்கிய அளவுக்கு இன்று மடங்காது. குறுகுறுப்பிலேயே ஊசி போட்டவனுக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகும். வீங்கும்வரை காத்திருந்தவனுக்கு வாரக்கணக்கு. சந்தேகம் வந்தால் கசிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபேக்டர், ஆராய்ச்சி பிறகு. துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம், லேசான கட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி ஓய்வு.

கடையில் பேரேடு எழுதுவதுபோல இதற்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஊசி போட்ட நேரம், நடந்த தூரம், தையல் டேப்பால் அளந்த முழங்கால் சுற்றளவு. வலது கால் வழக்கமாக 38 சென்டிமீட்டர். ஒரு காலை 39 என்று காட்டியது, வலி ஒன்றுமில்லை. அன்றைக்கு நடக்கவில்லை. மாலைக்குள் குறுகுறுப்பு வந்தது.

அடிவயிற்றின் ஓரத்தில், தொடை தொடங்கும் இடத்தில் வலித்து, காலை நீட்ட முடியாமல் குனிந்தபடி நடக்க நேர்ந்தால் அது இடுப்புக்குள் இருக்கும் சோவாஸ் தசையில் கசிவாக இருக்கலாம். வலப்பக்கம் வந்தால் குடல்வால் என்று நினைத்துவிடுவார்கள். இதில் நிறைய ரத்தம் தேங்கும். வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டிருக்கும் விஷயம் அல்ல. கெண்டைக்காலோ முன்கையோ இறுகி விரல்கள் மரத்துப்போனாலும், கழுத்தில் அடிபட்டாலும் அப்படியே. ஊசியைப் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டும்.

செய்யக் கூடாத வைத்தியம் எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். இருபத்திரண்டு வயதில் கணுக்கால் பிசகியபோது, சுளுக்கு எடுப்பதில் பெயர் பெற்ற ஒருவரிடம் அப்பச்சி அழைத்துப்போனார். விளக்கெண்ணெய் தடவி நீவி, வெடுக்கென்று இழுத்தார். அன்று இரவுக்குள் கணுக்கால் பலாக்கொட்டைபோல இருந்தது மறைந்து பலாப்பழம்போல ஆகிவிட்டது. கசிந்த மூட்டை யாரும் நீவக் கூடாது. அடுத்தது, வலி என்றதும் மருந்துக்கடைக்காரர் எடுத்து நீட்டும் மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் தட்டணுக்களின் வேலையைக் கெடுத்துக் கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் போதும். இடுப்பில் போடும் வலி ஊசி தசைக்குள்ளேயே ரத்தத்தைக் கட்டவைக்கும்.

கசிவு நின்ற பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். வீக்கமும் வலியும் போனபின் துண்டை அழுத்துவது, பிறகு படுத்துத் தூக்குவது, பிறகு பத்தியில் ஐந்து சுற்று. எனக்கு இதில் பொறுமை வர நாற்பது வயது ஆனது.

குன்றக்குடி நடைக்கு வருகிறேன். காவடிகள் அங்கே கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி போகும். எல்லாரும் வெறுங்காலில் நடப்பார்கள். நான் ஷூ போட்டு நடப்பேன். முதல் ஆண்டு பாதி வழியில் கணுக்காலில் குறுகுறுப்பு. அரோகரா என்று கூட்டம் போய்க்கொண்டிருக்க, சாலையோரத்தில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீடு திரும்பினேன். ஆத்தா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு முழுவதும் நடந்தேன். மலைப்படி ஏறவில்லை, இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம், அடிவாரத்தில் நின்று சண்முகநாதரைக் கும்பிட்டுக்கொண்டேன்.

நடைநாளில் ஊசி வழக்கமான நாளாக இல்லாவிட்டால் மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்கிறேன். தோள்பையில் இவை இருக்கும்: ஐஸ் பெட்டியில் ஒரு வேளை ஃபேக்டர் (2 முதல் 8 டிகிரி, ஐஸ்கட்டியில் நேரடியாகப் படாமல்; உறைந்தால் வீண்), ஊசியும் நரம்பில் குத்தும் பட்டாம்பூச்சிக் குழலும், கட்டுத்துணி, பாராசிட்டமால், தண்ணீர். கூட நடப்பவர்களில் இருவருக்கு என் நோய் தெரிந்திருக்கும். சட்டைப்பையில் ஒரு அட்டை. அதில் என் கையெழுத்தில், மயங்கிக் கிடந்தாலும் யாரும் படிக்கும்படி பெரிதாக எழுதியிருக்கிறேன்: ‘ஹீமோபிலியா ஏ, கடுமை. இன்ஹிபிட்டர் இல்லை. எடை 62. பையில் ஃபேக்டர் 8 இருக்கிறது. தலையில் அடி என்றால் ஸ்கேனுக்கு முன் இதைப் போடவும். இடுப்பு ஊசி வேண்டாம். நீவ வேண்டாம்.’